எண்ணில் போகிறது, பெயரில் போகவில்லை: சிறு நெட்வொர்க்கில் தானியங்கி டிஎன்எஸ் கோளாறுகள், அறிகுறி வாரியாக

ஐந்து முதல் ஐம்பது கணினிகள் வரை உள்ள நெட்வொர்க்குக்கானது இது. ஒவ்வொரு கணினியும் டிஹெச்சிபி வழியே தன் ஐபி முகவரியையும், பெயர்களை யாரிடம் கேட்க வேண்டும் என்ற டிஎன்எஸ் சர்வர் முகவரியையும் தானாக வாங்கிக்கொள்ள வேண்டும். வாங்காவிட்டாலோ, தப்பானதை வாங்கினாலோ, வாங்கியதைப் பயன்படுத்தாவிட்டாலோ என்ன செய்வது என்பதே இங்கே வருகிறது. உதாரணங்களில் ரவுட்டர் 192.168.1.1, டிஹெச்சிபி வழங்கும் வரம்பு 192.168.1.100 முதல் 192.168.1.199 வரை. கட்டளைகள் ஒலிப்பின்படி தமிழில் இருக்கின்றன; அடிக்கும்போது ஆங்கில எழுத்தில் அடிக்கவும்.

தொடங்கும் முன் ஒரு வேண்டுகோள். கோளாறு வந்த கணினியில் 8.8.8.8 (கூகுளின் பொது டிஎன்எஸ் சர்வர்) என்று கையால் போட்டுவிட்டு நகராதீர்கள். அன்றைக்கு இணையம் வந்துவிடும். ஆனால் அந்தக் கணினி அதன் பிறகு ரவுட்டர் சொல்வதைக் கேட்காது. ஆறு மாதம் கழித்து உள் சர்வரின் பெயர் மட்டும் ஏன் திறக்கவில்லை என்று வேறு யாரோ மண்டையை உடைத்துக்கொள்வார்கள். சோதனைக்காகப் போட்டால், சோதனை முடிந்ததும் எடுத்துவிடுங்கள்.

## எந்த அறிகுறி என்று பிரிக்க

கோளாறுள்ள கணினியில் இந்த இரண்டையும் அடியுங்கள்:

`பிங் 9.9.9.9`
`பிங் எக்ஸாம்பிள்.காம்`

இரண்டும் தோற்றால் டிஎன்எஸ் பக்கம் இப்போதைக்குப் போக வேண்டாம். கேபிள், வைஃபை, ஐபி முகவரி ஆகியவற்றைப் பாருங்கள், முகவரி 169.254 என்று தொடங்கினால் அறிகுறி 2. முதலாவது பதில் தந்து, இரண்டாவது பெயரே தெரியவில்லை என்றால் டிஎன்எஸ்தான். ஒரு கணினியில் மட்டும் என்றால் அறிகுறி 1, எல்லாவற்றிலும் என்றால் அறிகுறி 3. இரண்டாவதில் பெயர் எண்ணாக மாறிவிட்டது, பதில் மட்டும் வரவில்லை என்றால் டிஎன்எஸ் தன் வேலையைச் செய்துவிட்டது. பிங்கைத் தடுக்கும் தளங்கள் உண்டு.

அடுத்து, கணினி இப்போது எந்த டிஎன்எஸ் சர்வரைக் கேட்கிறது, அதைக் கொடுத்த டிஹெச்சிபி சர்வர் எது என்று பாருங்கள். இந்த இரண்டு எண்களும் கையில் இல்லாமல் மேலே போனால் எல்லாம் ஊகம்தான்.

- விண்டோஸ்: `ஐபிகான்ஃபிக் /ஆல்`. டிஹெச்சிபி சர்வர், டிஎன்எஸ் சர்வர்கள் என்ற இரண்டு வரிகளையும் குறித்துக்கொள்ளுங்கள்.
- மேக்: `ஐபிகான்ஃபிக் கெட்பாக்கெட் இஎன்0` டிஹெச்சிபி கொடுத்ததைக் காட்டும், `எஸ்சியூட்டில் --டிஎன்எஸ்` கணினி உண்மையில் பயன்படுத்துவதைக் காட்டும். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் இடையில் யாரோ மாற்றியிருக்கிறார்கள்.
- லினக்ஸ்: `ரிசால்வ்சிடிஎல் ஸ்டேட்டஸ்`, கூடவே `என்எம்சிஎல்ஐ -எஃப் டிஹெச்சிபி4 டிவைஸ் ஷோ`.

## அறிகுறி 1: ஒரே ஒரு கணினியில் மட்டும் பெயர் திறக்கவில்லை

மற்றவை நன்றாக ஓடுகின்றன என்றால் ரவுட்டரைத் தொடவே வேண்டாம். கோளாறு அந்தக் கணினிக்குள் இருக்கிறது.

கையால் போட்ட முகவரி. முதலில் பார்க்க வேண்டியது இதுதான். பெரும்பாலும் இதோடு வேலை முடிந்துவிடும். விண்டோஸில் நெட்வொர்க் அடாப்டரின் ஐபிவி4 பண்புகளில் டிஎன்எஸ் முகவரியைத் தானாகப் பெறும் தேர்வு போடப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். ஐபிவி6 பண்புகளில் தனியாக இன்னொரு தேர்வு உண்டு, அதை விட்டுவிடுவார்கள். வைஃபைக்கும் கேபிளுக்கும் தனித்தனி அமைப்புகள் என்பதையும் மறக்க வேண்டாம். மேக்கில் டிஎன்எஸ் பட்டியலில் மங்கலாகத் தெரியும் முகவரி டிஹெச்சிபி கொடுத்தது; அழுத்தமாகத் தெரிந்தால் யாரோ தட்டச்சு செய்தது. கையால் ஒன்றைச் சேர்த்ததுமே மங்கலானது காணாமல் போய்விடும். லினக்ஸில் நெட்வொர்க்மேனேஜர் இணைப்பில் தானியங்கி டிஎன்எஸ்ஸைப் புறக்கணிக்கும் தேர்வு போட்டிருக்கிறதா என்று பார்க்கவும்.

விபிஎன் விட்டுப்போன எச்சம். விபிஎன் மென்பொருள் முறையாகத் துண்டிக்கப்படாமல் நின்றுவிட்டால், தன் டிஎன்எஸ் முகவரியை அடாப்டரிலேயே விட்டுவிட்டுப் போகும். ஒருமுறை இணைத்து, ஒழுங்காகத் துண்டித்துப் பாருங்கள். அதற்கும் சரியாகாமல், குறிப்பிட்ட சில டொமைன்கள் மட்டும் திறக்கவில்லை என்றால் பவர்ஷெல்லில் `கெட்-டிஎன்எஸ்கிளையன்ட்என்ஆர்பிடிபாலிசி` அடியுங்கள். எந்தப் பெயரை எந்தச் சர்வரிடம் கேட்க வேண்டும் என்ற தனி விதிகள் அங்கே ஒளிந்திருக்கும். அடாப்டர் பக்கத்தில் அவை தெரியாது.

ஹோஸ்ட்ஸ் கோப்பும் தற்காலிகச் சேமிப்பும். `என்எஸ்லுக்அப்` சரியான பதில் தருகிறது, உலாவியோ பிங்கோ தப்பான இடத்துக்குப் போகிறது என்றால் இங்கேதான் பார்க்க வேண்டும். என்எஸ்லுக்அப் நேராக டிஎன்எஸ் சர்வரைக் கேட்கும்; ஹோஸ்ட்ஸ் கோப்பையும் கணினியின் சேமிப்பையும் அது சீண்டுவதே இல்லை. அதனால் அதை மட்டும் நம்பி டிஎன்எஸ் சரி என்று முடிவுகட்டக் கூடாது. விண்டோஸில் `ஐபிகான்ஃபிக் /ஃப்ளஷ்டிஎன்எஸ்`. மேக்கில் `சூடோ டிஎஸ்கேஷ்யூட்டில் -ஃப்ளஷ்கேஷ்`, பிறகு `சூடோ கில்ஆல் -ஹெச்யூபி எம்டிஎன்எஸ்ரெஸ்பாண்டர்`. லினக்ஸில் `ரிசால்வ்சிடிஎல் ஃப்ளஷ்-கேஷஸ்`.

பாதுகாப்பு மென்பொருள். சில வைரஸ் தடுப்புகள் எல்லா டிஎன்எஸ் கேள்விகளையும் தம் வழியே திருப்பிவிடும். நிறுத்தி வைத்துப் பாருங்கள். நிறுத்தியும் மாறாவிட்டால் முழுதாக நீக்கிப் பாருங்கள்.

ஆள் கூப்பிட வேண்டிய இடம்: தானியங்கிக்கு மாற்றிய பிறகும், கணினியை மறுபடி தொடங்கியதும் யாருக்கும் தெரியாத ஒரு டிஎன்எஸ் முகவரி திரும்ப வந்து உட்கார்ந்தால் அது தீநிரல். டிஎன்எஸ்சேஞ்சர் என்ற தீநிரல் இதையேதான் செய்தது. அதன் சர்வர்களுக்குப் பதிலாக வைத்திருந்த தற்காலிகச் சர்வர்கள் 2012 ஜூலை 9 அன்று நிறுத்தப்பட்டபோது, சுத்தம் செய்யாத கணினிகளில் பெயர்கள் திறப்பது நின்றுபோனது. இப்படிப்பட்ட கணினியை நெட்வொர்க்கிலிருந்து கழற்றிவிட்டு, தரவை எடுத்துவைத்து, இயங்குதளத்தைப் புதிதாக நிறுவச் சொல்லுங்கள். ரவுட்டரின் கடவுச்சொல்லையும் மாற்றுங்கள்.

## அறிகுறி 2: முகவரி 169.254 என்று தொடங்குகிறது

டிஹெச்சிபி சர்வர் யாரும் பதில் சொல்லவில்லை, அதனால் கணினி தனக்குத்தானே ஒரு முகவரி வைத்துக்கொண்டது. டிஎன்எஸ் முகவரியும் கூடவே வராமல் போனதில் வியப்பில்லை.

1. கேபிளைக் கழற்றி வேறு போர்ட்டில் செருகுங்கள். கேபிளையும் மாற்றிப் பாருங்கள்.
2. `ஐபிகான்ஃபிக் /ரிலீஸ்`, பிறகு `ஐபிகான்ஃபிக் /ரென்யூ`. விண்டோஸ் தானாகவும் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கேட்டுப் பார்க்கும். காத்திருக்க வேண்டிய அவசியம் இல்லை.
3. மற்ற கணினிகளில் பழைய முகவரி ஓடுகிறது, புதிதாக வருபவற்றுக்கு மட்டும் கிடைக்கவில்லை என்றால் வரம்பு தீர்ந்துவிட்டது. ரவுட்டரின் லீஸ் பட்டியலை எண்ணுங்கள் (லீஸ் என்பது ஒரு முகவரியைக் குறிப்பிட்ட காலத்துக்கு ஒரு கருவிக்குக் கொடுத்து வைப்பது). ஐம்பது முகவரிகள் கொண்ட வரம்பில் லீஸ் காலம் 7 நாள் என்று வைத்திருந்தால், வந்துபோகும் கைபேசிகளே அதைக் காலி செய்துவிடும். போதாக்குறைக்கு, இன்றைய கைபேசிகள் தம் மேக் முகவரியை (நெட்வொர்க்கில் கருவியின் அடையாள எண்; மேக் கணினிக்கும் இதற்கும் தொடர்பில்லை) மாற்றி மாற்றிக் காட்டக்கூடியவை. ஒரே கருவி இரண்டு மூன்று முகவரிகளைப் பிடித்து வைத்திருக்கும். வரம்பை நூறாக்கி, விருந்தினர் வைஃபைக்கு லீஸ் காலத்தை 1 அல்லது 2 மணி நேரமாக்குங்கள்.
4. நிர்வகிக்கக்கூடிய சுவிட்ச் இருந்து, கணினியைத் தொடங்கும்போது மட்டும் 169.254 வந்து, பிறகு ரென்யூ கொடுத்தால் சரியாகிறது என்றால் சுவிட்சின் ஸ்பேனிங் ட்ரீ காரணமாக இருக்கலாம். கேபிள் உயிர்பெற்ற பிறகும் சுமார் 30 வினாடி அந்தப் போர்ட் எதையும் கடத்தாது; அதற்குள் டிஹெச்சிபி கேட்டுச் சலித்துவிடும். கணினிகள் இணைந்திருக்கும் போர்ட்களில் போர்ட்ஃபாஸ்ட் அல்லது எட்ஜ் போர்ட் தேர்வை இயக்குங்கள். வேறு சுவிட்சுக்குப் போகும் போர்ட்டில் இதைப் போடவே கூடாது.

ஆள் கூப்பிட வேண்டிய இடம்: விலேன்கள் (ஒரே சுவிட்சுக்குள் தனித்தனி நெட்வொர்க்குகள்) பிரித்த நெட்வொர்க்கில் ஒரு பிரிவு முழுக்க 169.254 என்றால். டிஹெச்சிபி கேள்வி பிராட்காஸ்டாகப் போவது. விலேன் எல்லையைத் தாண்டாது. தாண்ட வைக்க ரிலே அமைக்க வேண்டும், ஃபயர்வாலில் யுடிபி 67, 68 திறக்க வேண்டும். பழகாதவர் தொட்டால் மற்றப் பிரிவுகளும் சேர்ந்து விழும்.

## அறிகுறி 3: எல்லாக் கணினிகளிலும் ஒரே நேரத்தில் பெயர் திறக்கவில்லை

ஒரே கேள்வியை மூன்று பேரிடம் கேட்டுப் பார்த்தால் எங்கே உடைந்திருக்கிறது என்று தெரிந்துவிடும்:

`என்எஸ்லுக்அப் எக்ஸாம்பிள்.காம் 192.168.1.1`
`என்எஸ்லுக்அப் எக்ஸாம்பிள்.காம் 9.9.9.9`
`என்எஸ்லுக்அப் எக்ஸாம்பிள்.காம் 192.0.2.1`

### ரவுட்டர் தோற்கிறது, 9.9.9.9 பதில் தருகிறது

ரவுட்டருக்குள் இருக்கும் டிஎன்எஸ் ஃபார்வர்டர் நின்றுவிட்டது, அல்லது அது கேட்கும் மேல்நிலைச் சர்வர் செத்துவிட்டது. ரவுட்டரை அணைத்துப் போடுங்கள். சரியாகாவிட்டால் ரவுட்டரின் வான் பக்கத்தில் (வெளி இணைய இணைப்புக்கான அமைப்பு) எந்த டிஎன்எஸ் முகவரிகள் இருக்கின்றன என்று பாருங்கள். சேவை நிறுவனம் கொடுத்தவை பதில் தராவிட்டால் அங்கேயே 9.9.9.9, 1.1.1.1 என்று மாற்றுங்கள். ரவுட்டரில் மாற்றினால் போதும். கணினிகள் வழக்கம்போல் 192.168.1.1ஐயே கேட்டுக்கொண்டிருக்கும்.

ரவுட்டருக்குப் பதில் டிஎன்எஸ்மாஸ்க் (சிறு டிஎன்எஸ், டிஹெச்சிபி சர்வர் மென்பொருள்) ஓடும் தனிக் கணினி என்றால், `டிஎன்எஸ்மாஸ்க் --டெஸ்ட்` கொடுத்து அமைப்புக் கோப்பில் எழுத்துப்பிழை இல்லை என்று உறுதி செய்யுங்கள். முகவரி ஏற்கெனவே பயன்பாட்டில் உள்ளது என்று பிழை சொல்லி அது தொடங்க மறுத்தால், சிஸ்டம்டி-ரிசால்வ்டு 127.0.0.53இல் போர்ட் 53ஐப் பிடித்து வைத்திருக்கிறது. ரிசால்வ்டு.கான்ஃப் கோப்பில் டிஎன்எஸ்ஸ்டப்லிசனர்=நோ என்று போட்டு, ரிசால்வ்டு சேவையை மறுபடி தொடங்கிய பிறகு டிஎன்எஸ்மாஸ்க்கைத் தொடங்குங்கள்.

டிஎன்எஸ்செக் சரிபார்ப்பு (டிஎன்எஸ் பதில்களின் கையொப்பத்தைச் சோதிப்பது) இயங்கும் ரவுட்டரில் இன்னொரு வில்லங்கம் உண்டு. மலிவு ரவுட்டர்களில் பேட்டரியுள்ள கடிகாரம் இருக்காது. மின்சாரம் போய் வந்தால் நேரம் பழைய தேதிக்குப் போய்விடும். தேதி தப்பானால் கையொப்பங்கள் எல்லாம் செல்லாதவையாகத் தெரியும், எந்தப் பெயரும் திறக்காது. நேரத்தைச் சரிசெய்ய நேர சர்வரின் பெயரைக் கேட்க வேண்டும். அந்தப் பெயரும் திறக்காது. மின்தடைக்குப் பிறகு மட்டும் வரும் கோளாறு என்றால் ரவுட்டரின் தேதியை முதலில் பாருங்கள். நேர சர்வர் ஒன்றைப் பெயராக இல்லாமல் ஐபி எண்ணாகவும் சேர்த்து வைத்தால் மறுபடி வராது.

### இரண்டும் தோற்கின்றன, பிங் 9.9.9.9 மட்டும் போகிறது

போர்ட் 53 எங்கோ அடைபட்டிருக்கிறது. உங்கள் ஃபயர்வாலில் புதிதாக யாராவது விதி சேர்த்தார்களா என்று பாருங்கள். இல்லையென்றால் சேவை நிறுவனம் தன் சர்வர்களை மட்டுமே அனுமதிக்கிறது. வான் பக்கத்தில் தானியங்கி டிஎன்எஸ்ஸுக்கு மாற்றுங்கள்.

### 192.0.2.1 கூடப் பதில் தருகிறது

அந்த எண் ஆவணங்களில் உதாரணம் காட்டுவதற்காக ஒதுக்கப்பட்டது. அங்கே சர்வரே கிடையாது. அதிலிருந்து பதில் வந்தால் உங்கள் டிஎன்எஸ் கேள்விகளை வழியில் யாரோ மறித்துப் பதில் சொல்கிறார்கள். உங்கள் ரவுட்டரின் பெற்றோர் கட்டுப்பாடு அல்லது விளம்பரத் தடுப்பு வசதியாக இருந்தால் அணைத்துப் பாருங்கள். அணைத்த பிறகும் பதில் வந்தால் மறிப்பது சேவை நிறுவனம். அவர்களிடம்தான் பேச வேண்டும்.

## அறிகுறி 4: திடீர் திடீரென்று சில கணினிகள் மட்டும் விழுகின்றன, மறுபடி தொடங்கினால் சில நேரம் சரியாகிறது

நேரத்தை அதிகம் தின்னும் கோளாறு இதுதான். நெட்வொர்க்கில் இரண்டாவது டிஹெச்சிபி சர்வர் ஒன்று இருக்கிறது. யார் முந்திப் பதில் சொல்கிறார்களோ அவர் கொடுப்பதைக் கணினி எடுத்துக்கொள்ளும். அதனால்தான் காலையில் சரி, மதியம் இல்லை, பக்கத்து மேசையில் மட்டும் கோளாறு என்று ஒழுங்கில்லாமல் வரும்.

சோதனை எளிது. கோளாறுள்ள கணினியிலும் நன்றாக ஓடும் கணினியிலும் `ஐபிகான்ஃபிக் /ஆல்` எடுத்து, டிஹெச்சிபி சர்வர் வரியை ஒப்பிடுங்கள். இரண்டு வேறு எண்கள் இருந்தால் விடை கிடைத்துவிட்டது. எண்ணே ஆளைக் காட்டிக்கொடுப்பதும் உண்டு: 192.168.137.1 என்றால் யாரோ விண்டோஸ் கணினியில் இணையப் பகிர்வை இயக்கிவிட்டார்கள். 192.168.0.1 அல்லது 192.168.1.1 என்று உங்களுடையது அல்லாத ஒன்று என்றால், வைஃபை எட்டவில்லை என்று யாரோ கொண்டுவந்து செருகிய பழைய ரவுட்டர். இரண்டு ரவுட்டருக்கும் ஒரே எண் அமைந்துவிட்டால் இந்த ஒப்பீடு ஏமாற்றிவிடும். அப்போது மேக் முகவரிதான் கைகொடுக்கும்:

`சூடோ டிசிபிடம்ப் -என் -இ -வி -ஐ இடிஹெச்0 போர்ட் 67 ஆர் போர்ட் 68`

இதை ஓடவிட்டு, அதே கணினியில் முகவரியை விட்டுவிட்டு மறுபடி கேளுங்கள். ஆஃபர் (முகவரி தருகிறேன் என்ற சர்வரின் பதில்) இரண்டு மேக் முகவரிகளிலிருந்து வந்தால் இரண்டு சர்வர்கள். என்மேப் நிறுவியிருந்தால் `என்மேப் --ஸ்கிரிப்ட் பிராட்காஸ்ட்-டிஹெச்சிபி-டிஸ்கவர்` இதே வேலையைச் செய்யும். பதில்கள் எந்த டிஎன்எஸ் முகவரியைத் திணிக்கின்றன என்பதையும் காட்டும்.

ஆளைப் பிடிக்க, நிர்வகிக்கக்கூடிய சுவிட்ச் என்றால் அந்த மேக் முகவரி எந்தப் போர்ட்டில் கற்கப்பட்டிருக்கிறது என்று அட்டவணையில் தேடுங்கள். சாதாரண சுவிட்ச் என்றால் கேபிள்களை ஒவ்வொன்றாகக் கழற்றி, ஒவ்வொரு முறையும் ரிலீஸ், ரென்யூ கொடுத்துப் பார்ப்பதைத் தவிர வழியில்லை.

கிடைத்த பழைய ரவுட்டரை வைஃபைக்காக வைத்துக்கொள்ளலாம். வரிசை மாறாமல் செய்யுங்கள்: முதலில் அதை நெட்வொர்க்கிலிருந்து பிரித்து ஒரு கணினியோடு மட்டும் இணையுங்கள். அதன் லேன் முகவரியை 192.168.1.2 ஆக்குங்கள். டிஹெச்சிபியை அணையுங்கள். பிறகு அதன் லேன் போர்ட்டில் கேபிளைச் செருகுங்கள். வான் போர்ட்டைக் காலியாக விடுங்கள். டிஹெச்சிபியை முதலில் அணைத்துவிட்டால் கணினிக்கு முகவரி கிடைக்காமல், அமைப்புப் பக்கத்துக்குள்ளேயே போக முடியாது.

ஆள் கூப்பிட வேண்டிய இடம்: இது அடிக்கடி நடக்கும் இடமென்றால் சுவிட்சில் டிஹெச்சிபி ஸ்னூப்பிங் வேண்டும். ரவுட்டர் இணைந்த போர்ட் தவிர வேறு எங்கிருந்தும் ஆஃபர் வராதபடி அது தடுத்துவிடும். சுவிட்ச் அதை ஆதரிக்காவிட்டால் புதிது வாங்க நேரும். இந்தப் பட்டியலிலேயே செலவு கூடிய தீர்வு அதுதான்.

## அறிகுறி 5: ரவுட்டரில் டிஎன்எஸ்ஸை மாற்றியாயிற்று, கணினிகள் பழையதையே பிடித்துக்கொண்டிருக்கின்றன

லீஸ் இன்னும் முடியவில்லை. ரவுட்டர் தானாகப் போய் யாரிடமும் புதிய முகவரியைச் சொல்லாது. கணினி லீஸைப் புதுப்பிக்கும்போதுதான் மாற்றம் போய்ச் சேரும். புதுப்பிப்பு லீஸ் காலத்தில் பாதி கடந்ததும் நடக்கும். 24 மணி நேர லீஸ் என்றால் 12 மணி நேரம் வரை பழையதுதான். சர்வர் மாற்றத் திட்டமிட்டால் முந்தின நாளே லீஸ் காலத்தை 30 நிமிடமாகக் குறைத்துவிட்டு, மாற்றம் முடிந்ததும் பழைய அளவுக்குத் திருப்புங்கள்.

தப்பான பெட்டியில் மாற்றியிருக்கிறீர்கள். ரவுட்டர் பக்கத்தில் டிஎன்எஸ் என்ற பெயரில் இரண்டு இடங்கள் இருக்கும். வான் பக்கத்தில் இருப்பது ரவுட்டர் யாரைக் கேட்க வேண்டும் என்பது. லேன் அல்லது டிஹெச்சிபி பக்கத்தில் இருப்பதே கணினிகளுக்குப் போய்ச் சேரும். டிஹெச்சிபியின் ஆப்ஷன் 6 என்பது அதுதான். வான் பக்கத்தில் மாற்றினால் கணினிகளில் 192.168.1.1 என்றே தெரியும். அது கோளாறு இல்லை. டிஎன்எஸ்மாஸ்க்கில் கணினிகளுக்கு வேறு முகவரி கொடுக்க:

`டிஹெச்சிபி-ஆப்ஷன்=6,192.168.1.5`

ஐபிவி6 வழியே இன்னொரு முகவரி வருகிறது. பலரும் கோட்டைவிடும் இடம். டிஹெச்சிபியில் எல்லாம் சரியாக மாற்றியிருப்பீர்கள். `ஐபிகான்ஃபிக் /ஆல்` பார்த்தால் டிஎன்எஸ் வரிசையின் உச்சியில் நீளமான ஐபிவி6 முகவரி ஒன்று இருக்கும். நீங்கள் மாற்றிய ஐபிவி4 டிஹெச்சிபிக்கு அதோடு சம்பந்தமே இல்லை. ரவுட்டர் அவ்வப்போது அறிவிக்கும் ரவுட்டர் அட்வர்டைஸ்மென்ட் செய்தியிலேயே ஆர்டிஎன்எஸ்எஸ் என்ற பகுதியாக டிஎன்எஸ் முகவரி வரலாம். அல்லது டிஹெச்சிபிவி6இன் ஆப்ஷன் 23 வழியே வரலாம். இரண்டையும் தனியாக அமைக்க வேண்டும்.

இரண்டில் எது என்பதும் கருவியைப் பொறுத்தது. ஆண்ட்ராய்டு டிஹெச்சிபிவி6 வழியே டிஎன்எஸ்ஸை வாங்காது, ஆர்டிஎன்எஸ்எஸ் மட்டும்தான். விண்டோஸ் 10இல் 2017இல் வந்த 1703 பதிப்பு முதல்தான் ஆர்டிஎன்எஸ்எஸ் புரியும். அதற்கு முந்தையவற்றுக்கு டிஹெச்சிபிவி6 தேவை. கலந்த நெட்வொர்க்கில் இரண்டிலும் ஒரே முகவரியை வைத்துவிடுவதே நிம்மதி. ரவுட்டர் பக்கத்தில் ஐபிவி6 டிஎன்எஸ்ஸை மாற்ற வழியே இல்லை என்றால், அறிவிப்பில் உள்ள டிஎன்எஸ் பகுதியை மட்டும் அணைக்க முடியுமா என்று பாருங்கள். அணைத்தால் கணினிகள் ஐபிவி4 வழியே வந்த சர்வரையே கேட்கும், ஐபிவி6 தளங்களும் வழக்கம்போல் திறக்கும். அதுவும் முடியாவிட்டால் ரவுட்டரைத்தான் மாற்ற வேண்டும்.

## அறிகுறி 6: வெளித் தளங்கள் திறக்கின்றன, உள்ளே இருக்கும் சர்வர், பிரிண்டர் பெயர்கள் திறக்கவில்லை

இரண்டாவது டிஎன்எஸ்ஸாக வெளி சர்வர். முதலாவதாக உள் சர்வர், இரண்டாவதாகத் துணைக்கு 8.8.8.8. பார்க்கப் பாதுகாப்பாகத் தெரியும் இந்த அமைப்பு சிறு நெட்வொர்க்குகளில் பரவலாக இருக்கும் தப்பு. இரண்டாவது சர்வர் என்பது முதலாவதுக்குத் தெரியாததைச் சொல்பவர் அல்ல. முதலாவது ஒரு கணம் தாமதித்தால் கணினி இரண்டாவதைக் கேட்கும்; உங்கள் உள் பெயர் 8.8.8.8க்குத் தெரியாது, இல்லை என்று சொல்லிவிடும். அந்த இல்லை என்பதே முடிவான பதில். கணினி மறுபடி முதலாவதிடம் போய்க் கேட்காது. லினக்ஸின் சிஸ்டம்டி-ரிசால்வ்டு ஒருமுறை இரண்டாவதுக்குத் தாவினால் அங்கேயே தங்கிவிடும். ஆப்ஷன் 6இல் உள் சர்வரை மட்டும் கொடுங்கள். துணை வேண்டுமென்றால் அதே உள் பெயர்கள் தெரிந்த இரண்டாவது உள் சர்வர் வையுங்கள். ஆக்டிவ் டைரக்டரி உள்ள இடத்தில் இது இன்னும் கண்டிப்பு. வெளி சர்வர் ஒன்று பட்டியலில் இருந்தாலே டொமைன் உள்நுழைவு நினைத்தபோது இழுக்கும்.

பின்னொட்டு வரவில்லை. `பிங் ஃபைல்சர்வர்` தோற்று, `பிங் ஃபைல்சர்வர்.ஹோம்.ஆர்ப்பா` வேலை செய்தால் டிஹெச்சிபி டொமைன் பெயரைக் கொடுக்கவில்லை. அது ஆப்ஷன் 15. டிஎன்எஸ்மாஸ்க்கில் இந்த மூன்று வரிகள்:

`டொமைன்=ஹோம்.ஆர்ப்பா`
`லோக்கல்=/ஹோம்.ஆர்ப்பா/`
`எக்ஸ்பாண்ட்-ஹோஸ்ட்ஸ்`

டொமைனுக்கு .லோக்கல் என்று பெயர். அந்தப் பின்னொட்டு 2013 முதல் எம்டிஎன்எஸ்ஸுக்கு ஒதுக்கப்பட்டது. மேக்கும் பல லினக்ஸ் கணினிகளும் அப்படி முடியும் பெயரை டிஎன்எஸ் சர்வரிடம் கேட்காமல், நெட்வொர்க்கில் கூவிக் கேட்கும். விண்டோஸில் திறக்கிறது, மேக்கில் திறக்கவில்லை என்ற புகாரின் பின்னால் பெரும்பாலும் இது இருக்கும். வீட்டு நெட்வொர்க்குகளுக்கென 2018இல் ஒதுக்கப்பட்ட ஹோம்.ஆர்ப்பாவுக்கு மாற்றுங்கள், அல்லது உங்களுக்குச் சொந்தமான டொமைனின் கீழ் ஒரு பெயர் வைத்துக்கொள்ளுங்கள்.

கருவி தன் பெயரைச் சொல்லவே இல்லை. டிஎன்எஸ்மாஸ்க் லீஸ் கொடுக்கும்போது கருவி அனுப்பும் பெயரைத்தான் டிஎன்எஸ்ஸில் பதியும். பெயர் அனுப்பாதவையும், கையால் ஐபி போட்டவையும் பட்டியலில் வராது. பிரிண்டருக்குக் கையால் ஐபி போடுவதைவிட, அதைத் தானியங்கியில் விட்டு, மேக் முகவரியை வைத்து சர்வரில் முகவரியையும் பெயரையும் ஒதுக்குவது நல்லது:

`டிஹெச்சிபி-ஹோஸ்ட்=00:11:22:33:44:55,பிரிண்டர்1,192.168.1.20`

சொந்த டொமைனில் உள் முகவரி. வெளி டிஎன்எஸ்ஸில் ஒரு பெயருக்கு 192.168.1.5 என்று பதிந்திருந்தால், ரவுட்டரின் ரீபைண்ட் பாதுகாப்பு அந்தப் பதிலை விழுங்கிவிடும். ஓப்பன்டபிள்யூஆர்டியில் இது இயல்பாகவே இயங்கும். அந்த டொமைனை மட்டும் விதிவிலக்கில் சேருங்கள். பாதுகாப்பை முழுதாக அணைக்க வேண்டாம்.

## அறிகுறி 7: பிங் போகிறது, உலாவி மட்டும் முரண்டுபிடிக்கிறது, அல்லது கைபேசி மட்டும்

உலாவியின் பாதுகாப்பான டிஎன்எஸ் தேர்வை அணைத்துப் பாருங்கள். அது இயங்கினால் உலாவி உங்கள் சர்வரைத் தாண்டி ஹெச்டிடிபிஎஸ் வழியே வெளியே கேட்கும். உள் பெயர்கள் தெரியாது. ஃபயர்ஃபாக்ஸ் தானாக இதை இயக்குவதை நெட்வொர்க் அளவில் தடுக்க டிஎன்எஸ்மாஸ்க்கில் `சர்வர்=/யூஸ்-அப்ளிகேஷன்-டிஎன்எஸ்.நெட்/` என்று ஒரு வரி போதும். பயனர் தானே கையால் இயக்கியிருந்தால் இது கட்டுப்படுத்தாது.

ஆண்ட்ராய்டு 9 முதல் தனிப்பட்ட டிஎன்எஸ் என்ற அமைப்பு உண்டு. அதில் ஒரு சர்வர் பெயரைக் கொடுத்து வைத்திருந்தால், உங்கள் ஃபயர்வால் போர்ட் 853ஐ அடைத்திருக்கும் இடத்தில் கைபேசிக்கு எதுவுமே திறக்காது. தானியங்கிக்கு மாற்றச் சொல்லுங்கள்.

## அறிகுறி 8: எல்லாம் திறக்கிறது, ஆனால் ஒவ்வொரு முறையும் ஐந்து வினாடி முழிக்கிறது

லினக்ஸில் ஐந்து வினாடி என்பது தற்செயல் அல்ல; ஒரு சர்வர் பதில் தராவிட்டால் அடுத்ததைக் கேட்கும் முன் காத்திருக்கும் இயல்பு நேரம் அது. பட்டியலில் முதல் சர்வர் செத்துக் கிடக்கிறது. ஒவ்வொன்றையும் பெயர் சொல்லி `என்எஸ்லுக்அப்` கேட்டு, பதில் தராததை டிஹெச்சிபி அமைப்பிலிருந்து நீக்குங்கள். மூன்றுக்கு மேல் கொடுப்பதில் பயன் இல்லை; ரிசால்வ்.கான்ஃப் கோப்பில் முதல் மூன்றை மட்டுமே கணினி படிக்கும்.

## அறிகுறி 9: லினக்ஸில் ரிசால்வ்.கான்ஃப் கோப்பைத் திருத்தினால் மறுபடி பழையபடி ஆகிவிடுகிறது

அந்தக் கோப்பை நெட்வொர்க்மேனேஜரோ சிஸ்டம்டி-ரிசால்வ்டோ எழுதுகிறது. நீங்கள் திருத்தியது அடுத்த லீஸ் புதுப்பிப்பில் அழிந்துவிடும். `எல்எஸ் -எல் /இடிசி/ரிசால்வ்.கான்ஃப்` கொடுத்தால் அது எங்கே சுட்டுகிறது என்று தெரியும். உள்ளே 127.0.0.53 மட்டும் இருப்பது சரியான நிலைதான். உண்மையான சர்வர்கள் `ரிசால்வ்சிடிஎல் ஸ்டேட்டஸ்` காட்டும் பட்டியலில் இருக்கும். சாட்டர் கட்டளையால் கோப்பைப் பூட்டிவைக்கும் யோசனையைக் கேட்காதீர்கள். மாற்ற வேண்டியது இணைப்பின் அமைப்பை, அல்லது அதைவிட நல்லது, முகவரி கொடுக்கும் டிஹெச்சிபி சர்வரை.

## ஆளைக் கூப்பிடும்போது கையில் வைத்திருக்க வேண்டியவை

நல்ல கணினி ஒன்றிலும் கோளாறுள்ள கணினி ஒன்றிலும் எடுத்த `ஐபிகான்ஃபிக் /ஆல்` முழு வெளியீடு. அறிகுறி 3இல் உள்ள மூன்று கேள்விகளுக்கும் வந்த பதில்கள், எடுத்த நேரத்தோடு. ரவுட்டரின் டிஹெச்சிபி பக்கம், ஐபிவி6 பக்கம், லீஸ் பட்டியல் ஆகியவற்றின் திரைப்பிடிப்புகள். கடைசியாக நெட்வொர்க்கில் சேர்த்த கருவி எது, எந்தப் போர்ட்டில் என்பது. ரவுட்டரை ஃபேக்டரி ரீசெட் செய்வதானால் வருபவரே செய்யட்டும். முன்கூட்டிச் செய்தால் இணைய இணைப்பின் பயனர் பெயர், கடவுச்சொல் முதல் ஒதுக்கிவைத்த முகவரிகள் வரை அழிந்து, தேட வேண்டிய தடயமும் சேர்ந்து போய்விடும்.